இரண்டு தைவதங்களுக்கு நடுவே: ஹொசைன் அலிஸாதேயின் ‘நேய்நவா’

கீபோர்டில் ஐந்து கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு (ஒன்று, இரண்டு என்பவை வெள்ளைக் கட்டைகள், ஒன்றரை, இரண்டரை என்பவை கறுப்புக் கட்டைகள்) நடபைரவி ராகத்தை ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். அப்புறம் கரகரப்பிரியா. இரண்டுக்கும் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். நடபைரவியின் தைவதம், அதாவது ‘த’, இரண்டரைக் கட்டையில் விழும், கரகரப்பிரியாவின் தைவதம் மூன்றில் விழும். இப்போது அந்த இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் இருக்கும் விரிசலில் விரலை வைத்து வாசியுங்கள் என்றால் வாசிக்க முடியுமா? பாரசீக இசையில் ‘நவா’ என்று ஒன்று இருக்கிறது. அதன் தைவதம் அந்த விரிசலில்தான் இருக்கிறது. மற்ற ஆறு சுரங்களும் ஏறக்குறைய நம் கட்டைகளிலேயே கிடைத்துவிடும்.

என் கீபோர்டில் ஒவ்வொரு சுரத்தையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி உண்டு. அரபு இசை வாசிப்பவர்களை நினைத்து வைத்தது. மூன்று கட்டையை மட்டும் ஐம்பது சென்ட் இறக்கினேன் (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளியை நூறு சென்ட் என்று வைத்துக்கொள்வார்கள்). முதல் நாள் கட்டை கெட்டுப்போன மாதிரிதான் கேட்டது. காது அதை மேலே தள்ளப் பார்த்தது, முடியாதபோது கீழே தள்ளப் பார்த்தது. இத்தனைக்கும் பைரவியில் இரண்டு தைவதமும் வருவது நமக்குப் பழக்கம். கமகத்தில் நடுவிலிருக்கும் இடங்களையெல்லாம் உரசிவிட்டுத்தான் வருகிறோம். ஆனால் உரசிவிட்டு வருவது வேறு, அங்கேயே வீடு கட்டிக் குடியிருப்பது வேறு. நாலைந்து நாள் விடாமல் கேட்ட பிறகு காது அடங்கியது. அதற்குப் பிறகு சுத்தமான மூன்று கட்டைதான் கொஞ்சம் கூச்சலாகக் கேட்டது.

பாரசீக இசையையும் மேற்கத்திய இசையையும் சேர்க்கப் போன ஒவ்வொருவரும் வந்து முட்டிக்கொண்ட இடம் இந்த ஒரு சுரம். அதற்கு ஈரானில் ‘கொரோன்’ என்று பெயர். ஹொசைன் அலிஸாதே 1983ல் நேய் என்ற நாணல்குழலையும் மேற்கத்திய முறைத் தந்திக் குழுவையும் வைத்து ‘நேய்நவா’ எழுதியபோது இந்தச் சுரத்தை என்ன செய்தார் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. (அவர்கள் உச்சரிப்பு ‘நெய்’க்குத்தான் பக்கம். அப்படி எழுதினால் நமக்கு வேறு வாசனை அடிக்கும் என்பதால் நேய் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

1983ல் ஈரான்

அலிஸாதே 1951ல் தெஹ்ரானில் பிறந்தவர். வாசிப்பது தார், சேதார் என்ற நரம்பு வாத்தியங்கள். தெஹ்ரானின் இசைப் பள்ளியிலும் பிறகு தெஹ்ரான் பல்கலைக்கழகத்திலும் படித்தார். பின்னால் பெர்லினுக்குப் போய் இசையமைப்பும் இசையியலும் படித்தார். அவருடைய குருக்களில் இரண்டு பேரை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் அலி அக்பர் ஷஹ்னாஸி, பழைய தார் மேதை மிர்ஸா ஹொசைன் கொலியின் மகன். இன்னொருவர் நூர் அலி பொரூமந்த், கண் பார்வை இல்லாதவர், காதுவழியாகவே பாடம் சொன்னவர். இந்த இருவர் வழியாக அலிஸாதேக்குக் கிடைத்தது ‘ரதீஃப்’.

ரதீஃப் என்பது பாடாந்தரம், குருவிடமிருந்து சீடனுக்கு வரும் பாடத் தொகுப்பு. ஷூர், மாஹூர், செகா, சஹார்கா, ஹொமாயூன், நவா, ராஸ்த்-பஞ்ச்கா என்று ஏழு ‘தஸ்த்கா’க்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘குஷே’ எனப்படும் சின்னச் சின்ன மெட்டுத் துண்டுகள். மிர்ஸா ஹொசைன் கொலியின் அண்ணன் மிர்ஸா அப்துல்லாவின் பாடாந்தரத்தில் இந்தக் குஷேக்கள் 250 அளவில் இருக்கின்றன. தஸ்த்காவை ராகம் என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடலாம்தான், ஆனால் அது பாதிதான் சரி. ஒரு தஸ்த்கா என்பது போகவேண்டிய வழியும் சேர்ந்தது. தாழ்ந்த இடத்தில் ‘தராமத்’ என்ற நுழைவில் தொடங்கி, குஷே குஷேயாக மேலே ஏறி, உச்சியைத் தொட்டு, ‘ஃபொரூத்’ என்ற இறக்கத்தின் வழியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வழியை மாற்றலாம், சில நிறுத்தங்களை விட்டுவிடலாம். ஆனால் ஏறாமல் இறங்கினால் அது தஸ்த்கா இல்லை.

1978 செப்டம்பர் 8 அன்று தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் மன்னர் ஷாவின் ராணுவம் கூட்டத்தின் மீது சுட்டது. அதைக் கண்டித்து வானொலியில் வேலை பார்த்த இசைக்காரர்கள் பலர் பதவி விலகினார்கள். முகமது ரெஸா லொத்ஃபி, அலிஸாதே எல்லாம் அப்படி விலகியவர்கள். ‘சாவோஷ்’ என்ற பெயரில் ஒன்றுகூடிப் புரட்சிப் பாடல்களைப் பதிவு செய்து பரப்பினார்கள். அடுத்த ஆண்டு புரட்சி ஜெயித்தது. 1979 ஜூலையில் புரட்சியின் தலைவர் கொமேய்னி இசையை அபினோடு ஒப்பிட்டுப் பேசினார். வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் இசை வெளியேற்றப்பட்டது. புரட்சிக்குப் பாட்டுப் போட்டவர்களுக்கே பாட்டு இல்லை என்று ஆகிவிட்டது.

1980ல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. பிற துறைகள் திறந்த பிறகும் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை பல ஆண்டுகள் திறக்கவில்லை. பெண்கள் ஆண்கள் முன்னால் தனியாகப் பாடுவதற்குத் தடை. வாத்தியங்களை முறையான காரியங்களுக்காக வாங்கலாம் விற்கலாம் என்று கொமேய்னி ஃபத்வா கொடுத்ததே 1988ல்தான். தொலைக்காட்சியில் இசை திரும்ப வந்த பிறகும் வாத்தியத்தைத் திரையில் காட்டும் வழக்கம் திரும்பவில்லை. குழல் கேட்கும், திரையில் பூந்தோட்டம் ஓடும். இதற்கு நடுவே 1980 செப்டம்பரில் ஈராக் படையெடுத்துவிட்டது. 1983ல் போர் மூன்றாவது ஆண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது, ஊர் ஊராகச் சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன.

‘நேய்நவா’ வந்தது அப்போது. பெயரிலேயே மூன்று விஷயம் இருக்கிறது. நேய் என்ற குழல், நவா என்ற தஸ்த்கா. இரண்டையும் சேர்த்தால் நைநவா, அதாவது நினிவே. ஷியா மரபில் அந்தப் பெயர் கர்பலா மண்ணைக் குறிக்கும், 680ல் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட இடம். கர்பலாவின் பெயரைச் சொல்லித்தான் அரசு இளைஞர்களைப் போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதே பெயரை ஒரு வாத்திய இசைக்கு வைத்தது அதற்கு ஒரு கவசமாகவும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான். ஆனால் கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. நாணல் புதரிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட குழல் பிரிவை நினைத்துப் புலம்புவதாகத்தான் சூஃபிக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற காவியம் தொடங்குகிறது. ஈரானில் பள்ளிக்கூடம் போன யாரும் அந்த வரிகளைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. பாடகர் இல்லை, பாடல் வரி இல்லை. ஆனாலும் எதைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

முன்னால் போனவர்கள்

ஈரானுக்குள் மேற்கத்திய இசை முறையாக வந்தது பட்டாளத்தோடு. 1868ல் பிரான்ஸிலிருந்து ஆல்ஃப்ரெட் லெமேர் என்பவரை வரவழைத்து ராணுவ பேண்டைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். அவர் ஈரானிய மெட்டுகளைப் பியானோவுக்கு எழுதியும் வைத்தார். பியானோவில் கொரோன் கிடையாது. அதனால் அந்த மெட்டுகள் பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தன. அன்று தொடங்கிய பிரச்சினை.

அதைச் சரிப்படுத்த முதலில் முழுமூச்சாக இறங்கியவர் கர்னல் அலி நகி வஸீரி. ராணுவ அதிகாரி, தார் கலைஞர். முதல் உலகப் போர் முடிந்த சமயம் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் போய்ப் படித்துவிட்டு 1923ல் திரும்பி வந்து இசைப்பள்ளி தொடங்கினார். அவருடைய யோசனை எளிமையானது. மேற்கில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாக வகுத்திருக்கிறார்கள், நாம் இருபத்து நான்காக வகுத்துக்கொண்டால் எல்லாச் சுரமும் உள்ளே வந்துவிடும். கால் சுரம் இறக்கினால் கொரோன், கால் சுரம் ஏற்றினால் சோரி. இரண்டுக்கும் அவர் உருவாக்கிய குறியீடுகளைத்தான் ஈரானில் இன்றும் எழுதுகிறார்கள். 1934ல் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். பிறகு வந்த நிர்வாகம் ஈரானிய இசையையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு மேற்கத்திய இசையை மட்டும் வைத்துக்கொண்டது. அது ரெஸா ஷா காலம். தொப்பி முதல் சுரம் வரை எல்லாம் ஐரோப்பாவாக வேண்டும் என்று நின்ற காலம்.

வஸீரியின் குறியீடு நிலைத்தது, கணக்கு நிலைக்கவில்லை. ஹொர்மொஸ் ஃபர்ஹத் என்ற இசையமைப்பாளர், நெடுங்காலம் டப்ளினில் பேராசிரியராக இருந்தவர், கலைஞர்கள் உண்மையில் எங்கே விரல் வைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். வஸீரியின் கணக்குப்படி 150 சென்ட் இருக்கவேண்டிய இடைவெளி வாசிப்பில் சில இடங்களில் 135ஐ ஒட்டியும் சில இடங்களில் 160ஐ ஒட்டியும் இருந்தது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறவும் செய்தது. தாரின் மேளத்தை, அதாவது விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் ‘ஃப்ரெட்’டை, பார்த்தாலே இது புரியும். அது உலோகப் பட்டை கிடையாது, கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்பு. பிடிக்காவிட்டால் கொஞ்சம் நகர்த்திக் கட்டிக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் நான் கீபோர்டில் ஐம்பது சென்ட் இறக்கியதே தோராயம்தான்.

சுரம் எங்கே நிற்கிறது என்பதாவது ஒருவழியாகத் தீரும். கார்டு விஷயம் தீராது. ஒரு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மேஜர் கார்டு. நடுவிலுள்ளதை இரண்டரைக்கு மாற்றினால் மைனர். நடுவில் கொரோனை வைத்தால்? சந்தோஷமும் இல்லை, சோகமும் இல்லை, இரண்டும் கெட்டான். மேற்கத்திய ஹார்மனி முழுக்க நடுவிலுள்ள அந்தச் சுரத்தை நம்பித்தான் நிற்கிறது. எந்தக் கார்டிலிருந்து எந்தக் கார்டுக்குப் போகிறோம் என்ற கதையே அதை வைத்துத்தான். கொரோன் வந்து உட்கார்ந்தால் கதை நகராது.

அதனால் பலர் எளிய வழியைப் பிடித்தார்கள், கொரோன் தொந்தரவு இல்லாத இடமாகப் பார்த்துப் போனார்கள். மாஹூர் நம் சங்கராபரணத்துக்குப் பக்கம். ஹொமாயூனின் கிளையான எஸ்ஃபஹான் இன்று வாசிக்கப்படும் முறையில் கீரவாணிக்குப் பக்கம், அதாவது மேற்கின் ஹார்மானிக் மைனர். ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்த ஈரானிய மெட்டுகளில் இவை இரண்டும் இவ்வளவு புழங்குவதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. செகாவை எடுத்து இப்படிச் செய்துவிட முடியாது. அதற்கு ஆதார சுரமே கொரோனில் உட்கார்ந்திருக்கும்.

மொர்தெஸா மஹ்ஜூபி வேறு மாதிரி. பியானோவையே தஸ்த்காவுக்கு ஏற்பச் சுருதி மாற்றி வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட சந்தூர் போல வாசித்தார். ஹொசைன் தெஹ்லவி சந்தூருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கான்செர்டினோ (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் சிறு படைப்பு) எழுதினார், ஃபராமர்ஸ் பாய்வரோடு சேர்ந்து. மொர்தெஸா ஹன்னானே மேற்கின் மூன்றாம் சுர அடுக்கை விட்டுவிட்டு, ஈரானிய சுர அமைப்பிலிருந்தே பிறக்கும் வேறொரு அடுக்குமுறையைக் கோட்பாடாக வகுத்தார். பாரிஸில் குடியேறிவிட்ட அமினுல்லா ஹொசைன் ஐரோப்பியக் காதுக்கு ஏற்றபடி எழுதினார். இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுத நிறைய இருக்கிறது. இங்கே சொல்ல வந்தது, 1983ல் அலிஸாதே காலி மனையில் வீடு கட்டவில்லை என்பதை மட்டும்.

தாளமும் சத்தமும்

கொரோனைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் இன்னும் இரண்டு சிக்கல்கள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

முதலாவது தாளம். பாரசீக மரபின் உயிர் இருப்பது ‘ஆவாஸ்’ என்பதில். நம் ஆலாபனையைப் போலத் தாளக்கட்டு இல்லாதது, ஆனால் ஹாஃபிஸ், சஅதி போன்றவர்களின் கவிதை வரிகளைச் சுமந்து வருவது. வரியின் குறில் நெடில் ஓட்டத்தை ஒட்டி மெட்டு நீளும், சுருங்கும். பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. இதற்கு ஒரே ஒரு வாத்தியம் துணையாக இருந்தால் பரவாயில்லை, அது அவர் முகத்தைப் பார்த்து வாசித்துவிடும். முப்பது பேர் நோட்டேஷன் பார்த்து வாசிக்கும் தந்திக் குழு என்ன செய்யும்? அவர்களுக்குக் கோடு போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கொடுத்தாக வேண்டும். எண்ணத் தொடங்கிய நிமிடம் ஆவாஸ் செத்துவிடும்.

இரண்டாவது சத்தம். பாரசீக நேய் ஏழு துண்டங்கள் வருகிற மாதிரி கணு எண்ணி வெட்டிய நாணல். முன்பக்கம் ஐந்து துளை, பின்பக்கம் ஒன்று. மேல்முனையை மேல்வரிசை முன்பற்களில் பொருத்தி, நாக்கால் காற்றைத் திருப்பி ஊதவேண்டும். எஸ்ஃபஹான் நகரத்தில் வளர்ந்த முறை இது. இருபதாம் நூற்றாண்டில் ஹசன் கஸாயி இதை எங்கோ உயரத்துக்குக் கொண்டுபோனார். இப்படி ஊதும்போது சுரத்தோடு சேர்ந்து காற்றும் கேட்கும். கீழ் ஸ்தாயியில் ஒரு சுரம் பிறப்பதற்கு முன்னால் அரை நொடி வெறும் மூச்சு வரும், அதற்குள்ளிருந்து சுரம் மெல்லத் தலையெடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டிய ஒலி அது. நாலு ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது.

அலிஸாதே பித்தளைக் கருவிகளையும் மரக் கருவிகளையும் சேர்க்காமல் தந்திகளோடு நிறுத்திக்கொண்டதற்கு இது போதுமான காரணம். தான் வாசிக்கும் தாரையும் அவர் தனி வாத்தியமாக முன்னால் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மீட்டிய கணத்திலிருந்து தேய்ந்துகொண்டே போகும் ஒலி தாருடையது. வில் போட்ட தந்தி நீண்டு நிற்கும். குழலும் மூச்சு உள்ளவரை நிற்கும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். குழல் எங்கே முடிந்தது, வயலின் எங்கே தொடங்கியது என்று தெரியாத இடங்கள் வரவேண்டும் என்றால் தார் உதவாது. தன் கை வாத்தியத்தை ஒதுக்கி வைக்க எத்தனை இசையமைப்பாளர்களுக்கு மனம் வரும் என்று தெரியவில்லை.

வயலின் குடும்பத்தில் மேளம் (ஃப்ரெட்) கிடையாது என்பதும் சாதகம். கொரோன் எங்கே இருந்தாலும் விரல் போகும். என்ன, எல்லாருடைய விரலும் ஒரே இடத்துக்குப் போகவேண்டும்.

உள்ளே போய்க் கேட்டால்

தனிக் குழல் ஜம்ஷித் அந்தலிபி. குர்திஸ்தானின் சனந்தஜ் ஊர்க்காரர், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர். பகுதிகளின் பெயர்களைப் பார்த்தாலே அமைப்பு தெரிந்துவிடும்: தராமத், நக்மே, ஜாமெதரான், நஹொஃப்த், ஃபொரூத், கடைசியில் ரக்ஸே சமா. நுழைவு, மெட்டு, ‘ஆடை கிழித்தல்’, ‘மறைந்தது’, இறக்கம், சூஃபிச் சுழல் நடனம். கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ரதீஃபில் புழங்கும் பெயர்கள். சிம்ஃபொனி, கான்செர்ட்டோ என்று பெயர் வைத்து, வேகம், மெதுவு, வேகம் என்று மூன்று பகுதி வெட்டவில்லை. ஒரு பாடகர் நவா பாட உட்கார்ந்தால் எந்த வழியில் போவாரோ அந்த வழிதான் மொத்தப் படைப்பின் எலும்புக்கூடு. மேற்கிலிருந்து வந்தது வாத்தியங்களும் அவற்றைச் சேர்த்து வாசிக்கும் முறையும். போகிற வழி ரதீஃபுடையது.

இங்கே என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். கலப்பு இசை என்றதும் எல்லாரும் மெட்டுக்குக் கீழே என்ன கார்டு போட்டார்கள் என்று தேடுவோம். நேய்நவாவில் அப்படித் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. பாரசீகக் கச்சேரியில் ‘ஜவாபே ஆவாஸ்’ என்று ஒரு வழக்கம் உண்டு, ஆவாஸுக்குப் பதில். பாடகர் ஒரு வரி பாடுவார். துணை வாத்தியம் அரை அடி பின்னால் நிழல் மாதிரி வரும். வரி முடிந்ததும் அது தன் மொழியில் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும். அலிஸாதே பாடகர் இடத்தில் நேயை உட்கார வைத்தார், துணைக்காரர் இடத்தில் தந்திக் குழு முழுவதையும் உட்கார வைத்தார். அவ்வளவுதான். குழுவுக்கு அவர் கொடுத்த வேலை ஹார்மனி அமைப்பது இல்லை, பதில் சொல்வது.

இப்படி வைத்துவிட்டதும் தாளச் சிக்கல் கிட்டத்தட்டத் தானாகத் தீர்ந்தது. நேய் தன் போக்கில் மிதக்கும்போது தந்திகள் நீண்ட சுரங்களைப் பிடித்து நிற்கின்றன, தம்பூராவின் வேலை மாதிரி. நேய் மூச்சு எடுக்கும்போது அவை நகர்கின்றன. ஒரு குரல் தொடங்கிய சொற்றொடரை இன்னொரு குரல் சற்றுத் தள்ளி எடுத்துக்கொள்கிறது, செல்லோ கீழிருந்து அதையே வேறு வேகத்தில் சொல்கிறது. இது மேற்கத்திய எதிர்ப்பண்தான் (கவுண்டர்பாயின்ட்), சந்தேகம் இல்லை. ஆனால் நிழல் வாசிப்பில் ஊறிய ஈரானியக் காதுக்கு அது அந்நியமாகப் படாது. ஒரு துணைக்காரருக்குப் பதில் ஒரு குழுவே நிழலாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொரோனும் இப்படியே தப்பித்தது. அடுக்காமல் வரிசையாகப் போகவிட்டால் அந்தத் தைவதம் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. நவாவில் அது ஒன்றுதான் கொரோன் என்பதையும் நினைவில் வையுங்கள். தந்திகள் பிடித்து நிற்கவேண்டிய ஷட்ஜமம், பஞ்சமம், மத்தியமம் எல்லாம் சிக்கல் இல்லாத சுரங்கள். அவற்றின் மேல் கம்பளம் விரித்து, அந்த ஒரு சுரத்தை மட்டும் மெட்டு போகிற போக்கில் தொடவிட்டால் போதும். வேறு தஸ்த்காவை எடுத்திருந்தால் இது இவ்வளவு லகுவாக அமைந்திருக்காது. ‘நவா’ என்று பெயரில் வைத்தது சிலேடைக்காக மட்டும் இல்லை என்பது என் எண்ணம்.

ஜாமெதரானில் கொஞ்சம் நிற்க வேண்டும். இது பல தஸ்த்காக்களில் தலைகாட்டும் குஷே. பழங்காலத்தில் இதைக் கேட்டவர்கள் உணர்ச்சி தாங்காமல் ஆடையைக் கிழித்துக்கொண்டார்கள் என்று கதை. துக்க வீட்டில் சட்டையைக் கிழித்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கமும்கூட. 1983ல் அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நேயின் மேல் ஸ்தாயி அழுத்தி ஊதினால் கிழிகிற மாதிரிதான் கேட்கும், கீழ் ஸ்தாயியின் அந்த மூச்சுக் கலந்த மென்மை அதில் இருக்காது. அந்தலிபி அந்தக் கிழிசலை மறைக்கப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவுக்காரர் நினைத்திருந்தால் மூச்சுச் சத்தத்தைக் குறைத்துச் சுத்தமாக்கியிருக்கலாம், நல்ல வேளை யாரும் அதைச் செய்யவில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. தந்திக் குழு பாடகனாக மாற முயலும் சில இடங்களில் வைப்ராட்டோ கூடிவிடுகிறது. மேற்கத்திய முறையில் பயிற்சி எடுத்த விரல் நீண்ட சுரத்தில் தானாக ஆடத் தொடங்கும். ஆடும் விரலில் கொரோன் கரைந்துவிடும், இரண்டு தைவதங்களுக்கும் நடுவில் நிற்கிறதா ஒன்றின் பக்கம் சாய்கிறதா என்று தெரியாமல் போய்விடும். குழல் வந்து அதே சுரத்தை நேராக ஊதும்போதுதான் தப்பு தெரிகிறது. கடைசிச் சுழல் நடனத்தைப் பற்றியும் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. அங்கே தாளம் கெட்டியாகிறது, வேகம் எடுக்கிறது, தந்திகளுக்குப் பழகிய தரை. அவர்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, அதுவரை இருந்த தயக்கமும் பதற்றமும் போய்விடுகின்றன. முதல் ஐந்து பகுதிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், ஆறாவதை அவ்வளவு கேட்டதில்லை.

அதன் பிறகு

இந்தப் படைப்பு வந்த பிறகு நேயும் தந்திக் குழுவும் சேர்ந்த ஒலி ஈரானில் ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. கீழே தந்தி, மேலே குழல், மெதுவான நடை, துக்கம். ஜவாபே ஆவாஸ் என்ற யோசனையை விட்டுவிட்டு மேற்பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது பின்னணி இசைதான். அதற்கு அலிஸாதேயைக் குறை சொல்ல முடியாது.

அவர் அதே இடத்தில் நிற்கவும் இல்லை. 1989ல் ‘ஹமாவாயான்’ என்ற குழுவைத் தொடங்கினார். பெயரின் பொருள் சேர்ந்து பாடுபவர்கள். பெண் தனியாகப் பாடக்கூடாது என்ற தடை இருக்கும் நாட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பல குரலில் பாடினால் என்ன என்ற கேள்விக்கு அது பதில். பல குரல் என்ற மேற்கத்திய உத்தி அங்கே கலை விஷயமாக மட்டும் இல்லை, பெண் குரல் மேடையேற ஒரு வழியாகவும் ஆனது. வெவ்வேறு தஸ்த்காக்களைச் சேர்ந்த தாத், பீதாத் என்ற இரண்டு குஷேக்களை இணைத்து ‘தாதோ பீதாத்’ என்று புதிதாக ஒன்றை உருவாக்கினார். ஆர்மீனியாவின் துதுக் என்ற ஊதுகுழல் கலைஞர் ஜிவான் காஸ்பரியானோடு சேர்ந்து செய்த இசைத்தட்டு கிராமி பரிந்துரை வரை போனது. 2014ல் பிரான்ஸ் தர முன்வந்த செவாலியே விருதை வேண்டாம் என்றார்.

ஒப்பிட ஒருவரைச் சொல்லவேண்டும் என்றால் ரெஸா வலியைச் சொல்வேன். 1952ல் கஸ்வினில் பிறந்தவர், வியன்னாவில் படித்தவர், பிட்ஸ்பர்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் பேராசிரியர். அவரும் பாரசீக நேய்க்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கான்செர்ட்டோ எழுதியிருக்கிறார். மேற்கின் உத்திகளில் கரைகண்ட பிறகு, சம அளவில் வகுத்த சுரமுறையையே கைவிட்டுப் பாரசீக இடைவெளிகளுக்குத் திரும்பியவர். வயலின் கலைஞர்கள் கொரோனைக் கற்றுக்கொள்ளட்டும் என்கிற பக்கம் அவர். அலிஸாதே வீட்டிலிருந்து கிளம்பி விருந்தாளியை அழைத்து வந்தார், ரெஸா வலி வெகுதூரம் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பினார். யாருடையது பெரிது என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே குழல் இவ்வளவு வேறாக ஒலிக்குமா என்று இருக்கும்.

அந்தலிபி 2024 மார்ச்சில் காலமானார். செய்தி படித்த அன்று இரவு தராமத்தை மட்டும் போட்டுக் கேட்டேன்.

கீபோர்டை நான் இன்னும் பழைய நிலைக்கு மாற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் வந்து சினிமாப் பாட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தான். நடுவில் நிறுத்தி, ஒரே கட்டையை நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, “அங்கிள், இது ஒண்ணு மட்டும் கெட்டுப்போச்சு, கடையில குடுத்துப் பாருங்க” என்றான்.